ஐம்பத்தெட்டும் பூஜ்யமும்

தமுக்குச் சத்தம் கடை வாசலிலேயே வெடித்தது. கல்லில் சோள தோசையைத் திருப்பிக்கொண்டிருந்த சௌடப்பன் திடுக்கிட்டுத் தோசைக் கரண்டியைக் கால் விரலில் போட்டுக்கொண்டான். உள்ளே பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி வெங்கடலட்சுமி, கூரையில் தீப்பிடித்துவிட்டதென்று நினைத்து ஒரு குடம் தண்ணீரோடு ஓடிவந்தாள். தீ இல்லை. பஞ்சாயத்து போர்டின் தமுக்குக்காரன் இருளப்பசாமி ஊரில் வேறு இடமே இல்லாததுபோல் அந்த வாசலில் கால் பரப்பி நின்று முழக்கிக்கொண்டிருந்தான்.

"இதனால சகலருக்கும் போர்டார் அறிவிக்கிறது என்னன்னா, ஊர்ல உள்ள சாப்பாட்டுக் கடைகளுக்கு நம்பர் வந்திருக்கு. சௌடப்பன் கடைக்கு அம்பத்தெட்டு. சந்தைப்பேட்டை சரஸ்வதி கடைக்கு நாலு. ராஜபோக விலாஸுக்குப் பூஜ்யம். சனங்க இதைத் தெரிஞ்சுக்கிட்டு அதுபடி நடந்துக்கிரணும்."

ஐம்பத்தெட்டு என்றால் என்னவென்று சௌடப்பன் கேட்டான். அது தனக்குத் தெரியாதென்றும், சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள், சொல்லியாயிற்று என்றும் இருளப்பசாமி பதில் சொன்னான். பிறகு இரண்டு தோசை வாங்கித் தின்றுவிட்டு, சந்தைப்பேட்டையில் நாலு என்று சொல்லப் போனான்.

உப்போடைப்பேட்டை அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற கரி பஸ் நின்று மூச்சு வாங்கும் ஊர். யுத்தம் முடிந்துவிட்டதாகப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். ஆனால் நூல் இன்னும் ரேஷனில்தான் இருந்தது; அரிசியும் ரேஷனில்தான் இருந்தது. நூல் வராததால் சௌடப்பன் தறியை நிறுத்திவிட்டு இட்லிக் கடை போட்டான். அரிசி வராததால் இட்லியைச் சோளத்தில் சுட்டான். காலையில் பருத்திப்பாலும் சுக்கும் கருப்பட்டியும் மணக்கும். பஸ்காரர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், நெசவாளிகள் எல்லாரும் அங்கேதான் சாப்பிட்டார்கள். கடைக்கு எதிரே பஞ்சாயத்து போர்டு ஆபீஸ் இருந்தது. அவன் செய்த ஒரே தப்பு, கடையை அங்கே போட்டதுதான்.

போர்டில் சுப்புராஜ் என்று ஒரு சானிட்டரி இன்ஸ்பெக்டர் இருந்தார். காக்கிச் சட்டை, சோலா தொப்பி, மணியில்லாத சைக்கிள். நாளொன்றுக்கு இரண்டு சோதனை செய்ய வேண்டும் என்பது அவருக்கு விதி. இரண்டு வேளை சாப்பிட வேண்டும் என்பது அவருடைய வயிற்றின் விதி. இரண்டையும் அவர் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். காலையில் சௌடப்பன் கடைக்கு வந்து உட்கார்ந்து ஐந்து இட்லி சோதனை செய்வார். சாயங்காலம் வந்து தோசை சோதனை செய்வார். சோதனைக்குக் காசு வாங்குகிற வழக்கம் எந்தச் சர்க்காரிலும் இல்லையாகையால் சௌடப்பனும் கேட்பதில்லை.

சோதனை என்றால் குற்றம் எழுத வேண்டும். குற்றமில்லாத ரிப்போர்ட்டை மேலிடம் திருப்பி அனுப்பிவிடும். போகாமலே எழுதியிருக்கிறாய் என்று மெமோ வரும். ஆகவே ஏப்பம் விட்டுக் கை கழுவியதும் சுப்புராஜ் தவறாமல் ஒரு குற்றம் எழுதினார். இட்லித் தட்டைத் திறந்து வைத்திருந்தால், பண்டம் திறந்து கிடக்கிறது என்று எழுதினார். சௌடப்பன் வெள்ளைத் துணி போட்டு மூடினான். மறுநாள், பண்டம் மறைத்து வைக்கப்படுகிறது என்று எழுதினார். ஒரு நாள் இரண்டு லோட்டா பருத்திப்பால் குடித்து, மூன்றாவதைப் பாதியில் நிறுத்திவிட்டு, மாட்டுத் தீனியை மனிதருக்கு ஊற்றுகிறான் என்று எழுதினார்.

எல்லாவற்றிலும் பெரிய குற்றம் கஞ்சிக் குற்றம். சௌடப்பன் கடையின் பின்கட்டும் பக்கத்து வீட்டு வெங்கடசாமியின் பின்கட்டும் ஒன்றுதான். வெங்கடசாமிக்கு எங்கேயோ கொஞ்சம் நூல் கிடைத்துப் பாவு போட்டிருந்தான். பாவுக்குப் போடுகிற கஞ்சி நன்றாகப் புளித்து நாறினால்தான் இழை விறைக்கும். அந்தக் கஞ்சி மொடாவைச் சுப்புராஜ் திறந்து பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு, ஊசிய கஞ்சி என்று எழுதினார். அது நூலுக்குப் போடுகிற கஞ்சி, மனிதர் குடிப்பதில்லை என்று சௌடப்பன் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னான்.

"யாரு குடிக்கிறாங்கிறதுக்கு இதுல எடம் இல்ல, சௌடப்பா. கஞ்சின்னா ஆகாரம். ஆகாரம்னா என் இலாகா" என்றார் சுப்புராஜ்.

இப்படி ஒரு மாதம் ஓடியது. அந்த மாதத்தில் இரண்டு நாள் சௌடேஸ்வரி அம்மன் திருவிழாவுக்காகச் சௌடப்பன் கடையை அடைத்திருந்தான். அந்த இரண்டு நாளும் சுப்புராஜ் சந்தைப்பேட்டைக்கு நடந்துபோய்ச் சரஸ்வதியின் மொச்சைக் கடையில் சாப்பிட்டார். சௌடப்பனுக்கு ஐம்பத்தெட்டும் சரஸ்வதிக்கு நாலும் விழுந்தது இப்படித்தான். ராஜபோக விலாஸுக்கு அவர் ஒரு வேளையும் போகவில்லை. பூஜ்யம் விழுந்தது.

உண்பொருள் விற்கும் இடங்களின் உண்மை நிலையைப் பொதுமக்கள் கண்ணில் படும்படி வெளியிட வேண்டும் என்று ஜில்லாவிலிருந்து உத்தரவு வந்தது அப்போதுதான். நல்ல உத்தரவு. எழுதியவர் நல்லவராகத்தான் இருக்க வேண்டும். போர்டார் ஒரு கரும்பலகை செய்து ஆபீஸ் வாசலில் மாட்டி, மூன்று கடைகளின் பெயரையும் நம்பரையும் வெள்ளைப் பெயிண்டால் எழுதினார்கள். மேலே "மக்கள் அறிய" என்று தலைப்பு. மக்கள் எதை அறிய என்பதை மட்டும் எழுத மறந்துபோனார்கள்.

அறியும் வேலையை மக்களே ஏற்றுக்கொண்டார்கள். பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் பலகை முன்னால் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நூற்றுக்கு ஐம்பத்தெட்டு என்றால் நல்ல பாஸ் என்று தீர்ப்புச் சொன்னார். நாலு மார்க் வாங்கிய சரஸ்வதி அடுத்த தடவை எழுந்து வரலாம். பூஜ்யம் வாங்குகிறவனை அவருடைய முப்பது வருஷச் சர்வீஸில் பெஞ்சு மேலேதான் நிறுத்தியிருக்கிறார்.

மறுநாள் காலையில் சௌடப்பன் கடையில் உட்கார இடமில்லை. இதுவரை வீட்டை விட்டு வெளியே வாயில் தண்ணீர்கூட ஊற்றாத பெரிய வீட்டுக்காரர்கள்கூடத் தூக்குச்சட்டி கொடுத்து அனுப்பினார்கள். வெங்கடலட்சுமி மாவாட்டிக் கை வீங்கினாள். சர்க்காரே பார்த்துக் கொடுத்த மார்க் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். சௌடப்பனும் அப்படியே நம்பினான். இத்தனை நாள் அந்த மனிதர் ஓசியில் தின்கிறார் என்று மனசுக்குள் வைதோமே என்று வருத்தப்பட்டு, சாயங்காலச் சோதனைக்கு ஒரு கரண்டி நெய் கூட ஊற்றினான்.

கரி பஸ் டிரைவர் அருஞ்சுனை மட்டும் சிரித்தான். கரிப்புகையில் கண் சிவந்த ஆள்; சௌடப்பனோடு சிறுவயதிலிருந்து ஏலே போட்டுப் பேசுகிறவன்.

"ஏலே, அது மார்க்குமில்ல கீர்க்குமில்ல. அந்த ஆளு ஒன் கடையில எத்தன வேள தின்னாரோ அந்தக் கணக்குடா அது."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சௌடப்பனுக்குக் கோபம் வந்தது. சர்க்கார் மார்க்கைக் கேலி செய்யாதே என்று சொன்னான்.

ராஜபோக விலாஸில் ஈ ஓட்ட ஆளில்லை. ஈக்கள் மட்டும் இருந்தன. அதன் முதலாளி பால்சாமி, போர்டு பிரசிடெண்ட் சின்னத்துரையின் தங்கை புருஷன். அவன் கல்லாவை விட்டு எழுந்து நேரே மச்சான் வீட்டுக்குப் போய், உன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போகிறேன் என்று சொன்னான். பிரசிடெண்ட் அன்றைக்கே போர்டைக் கூட்டினார்.

ஆபீஸ் வாசலில் மேசை போட்டு, மாலை போட்டுக்கொண்டு, பலகைக்கு அர்த்தம் சொல்லிப் பேசினார்.

"அன்பர்களே, நம்மூர்ச் சனங்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரிகிறது, நம்பர் வாசிக்கத் தெரியவில்லை. இது மார்க் அல்ல, குற்றம். அதிகமாக இருந்தால் அசிங்கம். குறைவாக இருந்தால் சுத்தம். ராஜபோக விலாஸ் என் மச்சான் கடை என்பதற்காக நான் சொல்லவில்லை. அது பூஜ்யம். பூஜ்யம் வாங்குவது லேசா? இன்ஸ்பெக்டரிடம் நானே பல தடவை சொல்லியிருக்கிறேன், அந்தக் கடையில் ஒரு குற்றமும் வராமல் பார்த்துக்கொள்ளும் என்று. அவரும் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காமல் அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டார். அப்படிப்பட்ட உத்தியோகஸ்தர் நமக்குக் கிடைத்தது பாக்கியம்."

கை தட்டினார்கள். சுப்புராஜ் எழுந்து கும்பிட்டார். ஹெட்மாஸ்டரும், தான் சொன்னதும் அதுதான், கேட்டவர்கள் தலைகீழாக எடுத்துக்கொண்டார்கள் என்று இரண்டு வார்த்தை பேசினார். இருளப்பசாமி மறுபடியும் தமுக்கோடு சௌடப்பன் வாசலுக்கு வந்து, ஐம்பத்தெட்டு என்றால் அசிங்கம் என்று அறிவித்தான். இந்தத் தடவை அவன் தோசை கேட்கவில்லை. போர்டில் சம்பளம் வாங்குகிறவன் பாதுகாப்பாக இருக்க வேண்டும்.

ஒரே வாரத்தில் கடை வெறிச்சோடிவிட்டது. ஆட்டிய மாவு புளித்துப் பொங்கிச் சட்டிக்கு வெளியே வழிந்தது. பெரிய வீட்டுத் தூக்குச்சட்டிகள் ராஜபோகத்துக்குத் திரும்பின. நம்ம சனமே இப்படிச் செய்யலாமா என்று நெசவாளிகளைக் கேட்டால், தங்களுக்கு ஒன்றுமில்லை, வீட்டில் பெண்டுகள் பயப்படுகிறார்கள் என்று தெருவைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்கள். வெங்கடலட்சுமியைக் கிணற்றடியில் கண்டால் மற்றப் பெண்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள்.

ஒரு ஆள் மட்டும் தவறாமல் வந்தார். காலையில் ஐந்து இட்லி, சாயங்காலம் தோசை. அவர் வர வர நம்பர் ஏறியது. நம்பர் ஏற ஏற மற்றவர்கள் வருவது குறைந்தது. கடைசியில் கடையில் சாப்பிடுகிற ஒரே ஆள் இன்ஸ்பெக்டர்தான் என்றாகிவிட்டது. காலியாகக் கிடந்த பெஞ்சுகளைப் பார்த்து, ஆள் உட்காராத பெஞ்சில் தூசி என்று எழுதினார்.

வெங்கடலட்சுமி ஒரு யோசனை சொன்னாள். வெளியாட்கள் காதில் விழக்கூடாத பேச்சென்றால் புருஷனும் பெண்டாட்டியும் வீட்டுக் கன்னடத்தில்தான் பேசிக்கொள்வார்கள். அந்த மனிதர் வருகிற நேரத்துக்குக் கடையை அடைத்துவிடலாம் என்பது அவள் யோசனை. அப்படியே செய்தார்கள். சுப்புராஜ் வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, சோதனைக்கு இடையூறு என்று ஒன்றும், உள்ளே எதையோ மறைக்கிறான் என்று ஒன்றுமாக இரண்டு குற்றம் எழுதினார். பசியோடு எழுதியதால் எழுத்து அழுத்தமாக விழுந்திருந்தது.

சௌடப்பன் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு பிரசிடெண்டைப் பார்க்கப் போனான். சுப்புராஜும் அங்கே இருந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு நின்றான். அவன் கேட்க நினைத்ததெல்லாம் ஒரு கேள்விதான். கேட்கிற விதம் தெரியாமல் வேட்டியைக் கசக்கிக்கொண்டு கேட்டான்.

"அய்யா, ராஜபோகத்துக்கு இன்ஸ்பெக்டர் அய்யா ஒரு தடவகூடப் போகலியேங்கய்யா."

"போகல" என்றார் பிரசிடெண்ட்.

"போகாம எப்படிங்கய்யா சுத்தம்னு தெரியும்?"

பிரசிடெண்ட் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"செட்டியாரே, டாக்டர் எந்த வீட்டுக்கு அடிக்கடி போவாரு? சீக்காளி வீட்டுக்கு. ஒம்ம கடைக்கு நெதம் ரெண்டு வேள ஆபீசரு வாராருன்னா, அது எந்த லெச்சணத்துல இருக்குன்னு நீரே யோசிச்சுக்கிரும். ராஜபோகத்துல குத்தம் இருந்தா அவரு போயிருக்க மாட்டாரா?"

குற்றம் இருக்கிறதா இல்லையா என்று போனால்தானே தெரியும் என்று சௌடப்பன் இழுத்தான். சந்தேகப்பட்டுக்கொண்டு நல்ல கடைக்குள் நுழைவது மரியாதை இல்லை என்று சுப்புராஜ் சொன்னார். அவர்கள் சொல்வதில் எங்கே ஓட்டை என்று சௌடப்பனுக்குப் பிடிபடவில்லை. இரண்டு பேரும் படித்தவர்கள். நாற்காலியில் வேறு உட்கார்ந்திருந்தார்கள். தன் மேல்தான் ஏதோ தப்பு இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கழுவின கல்லையே மறுபடியும் கழுவினான்.

அருஞ்சுனை மட்டும் விடாமல் வந்து சாப்பிட்டான். ஐம்பத்தெட்டுப் போடு, சட்னி ஊத்து என்று கேலி பேசிச் சாப்பிடுவான். அதுவும் நின்றது. பஸ் முதலாளி பலகையைப் பார்த்துவிட்டு, டிரைவரும் கண்டக்டரும் பூஜ்யக் கடையில்தான் சாப்பிட வேண்டும், மீறினால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். பயணிகளின் உயிர் டிரைவர் கையில் இருக்கிறது, டிரைவரின் வயிறு போர்டார் கையில் இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். அருஞ்சுனை பஸ்ஸை ராஜபோகத்து வாசலில் நிறுத்தினான். இறங்குமுன் சௌடப்பன் கடையைப் பார்த்து ஒரு தடவை ஹாரனை அமுக்கினான்.

ராஜபோகத்தின் நிலவரம் ஊருக்குத் தெரியாததல்ல. கிணறும் சாக்கடையும் கையெட்டும் தூரத்தில் இருந்தன. எப்போதும் வறண்டு கிடக்கிற பூமியாகையால் சாக்கடையிலும் ஓட்டமில்லை, கிணற்றிலும் தண்ணீரில்லை. ஒன்றுக்கொன்று தொந்தரவில்லாமல் இருந்தன. ஐப்பசியில் ஒரு நாள் வழக்கத்துக்கு மீறி மழை கொட்டியது. கரிசல் காடெல்லாம் குழைந்தது. சாக்கடை நிரம்பிக் கிணற்றில் இறங்கியது. மறுநாள் சந்தை. நரிக்குடிப் பக்கத்திலிருந்து ஆடு ஓட்டிக்கொண்டு வந்தவர்களும் பஸ்காரர்களும் பலகையைப் பார்த்து விசாரித்து, பூஜ்யம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ராஜபோகத்துக்குள் போய்ச் சாப்பிட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் சந்தைத் திடலில் ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள். வாந்தியும் பேதியும் ஒன்றாக வந்தன. ஆடுகள் சொந்தக்காரனில்லாமல் தெருவில் அலைந்தன. அருஞ்சுனை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சரிந்தான். அவன் ஓட்டுகிற பஸ்ஸிலேயே அவனைக் கிடத்தி, வேறொருவன் ஓட்டி, அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். சௌடப்பன் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேட்டில் கரி பஸ் நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினார்கள். தள்ளிவிட்டு ஏறிப் பார்த்தபோது அருஞ்சுனைக்கு மூச்சு இல்லை. அவனோடு சேர்த்து அந்த வாரம் ஊரில் ஏழு பேர் போனார்கள்.

இனி உண்மை வெளிவராமல் இருக்க முடியாது என்று சௌடப்பன் நினைத்தான். ஜில்லாவிலிருந்து பெரிய ஹெல்த் ஆபீசர் காரில் வந்தார். பலகையைத்தான் முதலில் பார்த்தார். ரொம்பச் சந்தோஷப்பட்டார். இவ்வளவு ஒழுங்காகப் புள்ளிவிவரம் வைத்திருக்கிற போர்டைத் தாம் இந்த ஜில்லாவில் பார்த்ததில்லை என்று சொன்னார். பிறகு விசாரணையை ஆரம்பித்தார். விசாரணை ஒரு காபி குடிக்கிற நேரம் நடந்தது. காபி பிரசிடெண்ட் வீட்டிலிருந்து வந்தது.

"விஷயம் தெளிவாக இருக்கிறது" என்றார். "வாந்திபேதி அசுத்தமான ஆகாரத்தால் வருகிறது. இந்த ஊரில் அசுத்தமான ஆகாரம் எங்கே இருக்கிறது என்பதற்குப் பலகை இருக்கிறது. சௌடப்பன் கடை, நூற்றுக்கு மேல் போய்விட்டது. ராஜபோக விலாஸ், பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து வியாதி எப்படி வரும்? பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான்."

செத்தவர்கள் எல்லாரும் ராஜபோகத்தில் சாப்பிட்டவர்கள், ஊரே பார்த்தது என்று சௌடப்பன் சொன்னான். அருஞ்சுனை என் கடைப் பக்கம் வந்தே இருபது நாள் ஆச்சு என்றும் சொன்னான்.

ஆபீசர் பொறுமையானவர். ஜனங்கள் கண்ணால் பார்த்தது அபிப்பிராயம், பலகையில் இருப்பது விவரம் என்று அவனுக்கு விளக்கினார். அபிப்பிராயத்தை வைத்துச் சர்க்கார் நடத்த முடியாது. செத்தவர்களே வந்து வாக்குமூலம் கொடுத்தால் பரிசீலிக்கலாம் என்றும் சொன்னார். ராஜபோகத்துக் கிணற்றையாவது ஒரு தடவை எட்டிப் பாருங்கள் என்று சௌடப்பன் கேட்டான். ஆபீசர் சுப்புராஜைத் திரும்பிப் பார்த்தார்.

"குற்றமே இல்லாத இடத்தைச் சோதிப்பது சர்க்கார் நேரத்தை வீணாக்குவது, ஸார்" என்றார் சுப்புராஜ்.

"கரெக்ட்" என்றார் ஆபீசர்.

அதற்கப்புறம் எல்லாம் சுறுசுறுப்பாக நடந்தது. போர்டு ஆட்கள் சௌடப்பன் கிணற்றில் மூட்டை மூட்டையாக பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். மிச்சமிருந்ததை இட்லி மாவில் கொட்டிக் கலக்கினார்கள். வெங்கடசாமியின் பாவுக் கஞ்சி மொடாவை வியாதியின் பிறப்பிடம் என்று தெருவில் வைத்து உடைத்தார்கள். நாற்றம் தாங்காமல் ஆபீசர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பார்த்தீர்களா என்று எல்லாரையும் பார்த்தார். பார்த்தோம் என்று எல்லாரும் சொன்னார்கள். வெங்கடலட்சுமி நடுத்தெருவில் நின்று, முதல் தடவையாக ஊரார் காது கேட்கத் தமிழிலேயே வைதாள்.

"ஏழு பேரக் கொன்னது அங்க இருக்கு, இங்க வந்து மாவுல மருந்து போடுறீகளே, நீங்கல்லாம் சோத்தத்தான் திங்கிறீகளா?"

உத்தியோகஸ்தரை அவமதித்தாள் என்று அதையும் ஒரு குற்றமாக எழுதிக்கொண்டார்கள். கடை வாசல் கதவை இழுத்துப் பூட்டி, துணி சுற்றி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்கள். லைசென்ஸ் ரத்து. தறிக்கு நூல் இல்லை. கடைக்கு வாசல் இல்லை. மூன்று பிள்ளைகள் பின்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. பிரசிடெண்ட் போகிற போக்கில், நூல் ரேஷன் வந்தால் சொல்லி அனுப்புவதாகச் சௌடப்பனுக்கு ஆறுதல் சொன்னார்.

இருளப்பசாமி வந்து, ஊரில் வியாதியை ஒழித்துவிட்டார்கள் என்று முழக்கினான். ராஜபோக விலாஸில் அன்று மாலை போர்டாருக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் போட்டார்கள். பால்சாமி எல்லாருக்கும் கேசரி கொடுத்தான். பிரசிடெண்ட் தமக்கு இன்று விரதம் என்று சொல்லிவிட்டார். ஆபீசர் தமக்குச் சர்க்கரை வியாதி என்று சொல்லிவிட்டார். கேசரி சனங்களுக்குக் கிடைத்தது.

மறுநாள் விடிந்து வெயில் ஏறியபோது சௌடப்பன் பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருந்தான். இதுவரை அவனுக்குக் குழப்பமாகத்தான் இருந்தது. இன்றைக்குக் குழப்பம் இல்லை. தான் கோபப்பட்டிருக்கிறோம் என்பதையே அவன் மெதுவாகத்தான் கண்டுபிடித்தான். வெங்கடலட்சுமி வெங்கடசாமி வீட்டுக் குடத்தில் தண்ணீர் வாங்கிவந்து, பானையில் ஒளித்து வைத்திருந்த கொஞ்சம் சோள மாவைப் பிள்ளைகளுக்கு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆவி பின்கட்டு வழியாகச் சந்துக்குள் போனது.

சந்துக் கதவை யாரோ விரலால் தட்டினார்கள். சௌடப்பன் திறந்தான். சுப்புராஜ் நின்றுகொண்டிருந்தார். சோலா தொப்பி இல்லை. தலையில் துண்டு போட்டிருந்தார். சைக்கிளைத் தூரத்தில் வேலியோரம் சாய்த்துவிட்டு நடந்து வந்திருக்கிறார். வாசல் கதவுக்குத்தான் சீல், பின்கதவைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை என்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். நேற்றிலிருந்து வயிறு காலி, ஐந்து வேண்டாம், மூன்று இட்லி இருந்தால் போதும் என்றார். இன்று சோதனை இல்லை, காசு கொடுத்துவிடுகிறேன் என்று மடியைத் தடவினார்.

சௌடப்பன் கதவின் இரண்டு பக்கமும் கை வைத்து வழியை அடைத்துக்கொண்டு நின்றான். அவனுடைய குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

"அங்க ராஜபோகம் தெறந்துதானய்யா இருக்கு. நீங்க எழுதுன பூஜ்யம். போயி வயிறு நெறையத் தின்னுங்க."

சுப்புராஜ் சந்தின் இரண்டு முனையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"வெளையாடாத, சௌடப்பா. நான் பிள்ளகுட்டிக்காரன்."